தவில்காரர் முதுகைச் சுட்ட அம்பாசிடர்: பழைய வண்டிக்கு எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன், ஒரு நிகழ்வு ஆய்வு

வைகாசி முகூர்த்தம். திருநெல்வேலி டவுனில் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் ஊர்வலம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். முன்னால் நாகஸ்வரம், தவில். பின்னால் பூ அலங்காரத்தோடு 1967 மாடல் மார்க் 2 அம்பாசிடர். பாதி வழியில் தவில்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, உங்க வண்டி முதுகைச் சுடுதே" என்றிருக்கிறார். ஸ்டியரிங்கில் இருந்த அண்ணாச்சி சிரித்துவிட்டு விட்டுவிட்டார். இன்னும் பத்து நிமிடத்தில் பானட் இடுக்கிலிருந்து ஆவி. மண்டபத்துக்கு நாலு கடை முன்னால் எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாப்பிள்ளையை உள்ளே வைத்தே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் வண்டி என் பட்டறைக்குக் கயிறு கட்டி வந்தது. நான் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அண்ணாச்சி சொன்ன கதையில் தவில்காரர் விஷயமும் இருந்தது. நானும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் ஒரு வார வேலை மிச்சம்.

இதில் வேடிக்கை, இந்த வண்டியில் எலெக்ட்ரிக் ஃபேன் ஏற்கெனவே இருந்தது. ஊர்வலத்தில் சூடாகிறது என்பதற்காகவே பங்குனியில் வேறு ஒரு இடத்தில் மாட்டியிருந்தார்கள். மாட்டிய பிறகு சூடு குறையவில்லை. போதாக்குறைக்கு பேட்டரியும் இறங்க ஆரம்பித்தது. நெடுஞ்சாலையில் மட்டும் ஒரு குறையும் கிடையாது. நாகர்கோவில் வரை போய் வந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். "ரோட்டுல தங்கம் தம்பி, கல்யாணத்துலதான் மானத்தை வாங்குது" என்றார்.

வண்டி

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது அம்பாசிடர் என்பதும், 2014 வரை உத்தர்பாராவில் செய்தார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். இந்த வண்டியில் இருப்பது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். ஒரே வி-பெல்ட் கிராங்க் புல்லியிலிருந்து கிளம்பி வாட்டர் பம்பையும், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவையும் சுற்றுகிறது. ஃபேன், வாட்டர் பம்ப் புல்லியின் மூக்கிலேயே போல்ட் போட்டு நிற்கிறது.

இந்த அமைப்பின் குணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு வேகமோ ஃபேனும் அவ்வளவு வேகம். வண்டி 60-ல் போகும்போது ஃபேன் பேயாகச் சுற்றுகிறது, ஆனால் அப்போது அது தேவையே இல்லை. கிரில் வழியாக வரும் எதிர்காற்றே போதும். ஊர்வலத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும்போது எதிர்காற்று கிடையாது, ஃபேனும் சோம்பலாகச் சுற்றுகிறது. தேவைப்படும் நேரத்தில் இல்லை, தேவைப்படாத நேரத்தில் ஏராளம். மாருதி 800 மாதிரி எஞ்சினைக் குறுக்கே வைத்த வண்டிகளில் புல்லி பக்கவாட்டைப் பார்த்து நிற்பதால், முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு மோட்டார் வைத்த ஃபேன் வந்தது. அதைப் பார்த்துப் பழைய வண்டிக்காரர்களுக்கும் ஆசை வந்தது. ஆசையில் தப்பில்லை.

அந்த மோட்டாருக்கு யார் சோறு போடுவது என்பதுதான் கேள்வி. பெல்ட் ஃபேனைப் போலவே டைனமோவும் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, தூங்கும் ஆள்.

முதல் பார்வை

ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால், 12 அங்குல மெலிந்த ஃபேன் ஒன்று இருந்தது. கடைகளில் எல்லா வண்டிக்கும் என்று விற்கிற வகை. பின்னால் எஞ்சினின் பழைய நாலு இறக்கை ஃபேனையும் கழற்றாமல் விட்டிருந்தார்கள். முன்னால் ஒன்று தள்ள, பின்னால் ஒன்று இழுக்க என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஃபேனைப் பிடித்து நின்றது மட்டும் ரேடியேட்டர் கோர் (தண்ணீர்க் குழாய்களும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி) வழியாகவே குத்தி இழுத்த நாலு பிளாஸ்டிக் டேக். வண்டி அதிர அதிர அந்த டேக் தகடுகளை அரைத்து, கடைசியில் குழாயை ஓட்டை போட்டுவிடும். ஒரு மூலையில் பச்சைக் களிம்பு ஏற்கெனவே பூத்திருந்தது.

வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். டேஷ்போர்டில் ஒரு டாகிள் சுவிட்ச், இக்னிஷனிலிருந்து நூல் மாதிரி ஒரு வயர், கருப்பு டேப். சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. பேட்டரியை சார்ஜ் ஏற்றிவிட்டு ஃபேனைப் போட்டு அளந்தேன். பேட்டரி முனையில் 12.3 வோல்ட், மோட்டார் முனையில் 10.1. வழியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் சூடாகப் போகிறது. சுவிட்சைத் தொட்டால் விரல் சுட்டது.

எனக்கு இது போதும் என்று தோன்றியது. குறைந்த வோல்ட், அதனால் மெதுவான ஃபேன், அதனால் சூடு. தடித்த வயர் போட்டு ரிலே வைத்தால் முடிந்தது வேலை. இங்கேதான் நான் சறுக்கினேன். தற்காலிகமாகப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஜோடி வயர் இழுத்து ஃபேனுக்குக் கொடுத்து, பழைய இணைப்பு எப்படி இருந்ததோ அதே வரிசையில் செருகி, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டேன். ஃபேன் சத்தம் கூடியது. சூடு முன்பைவிடச் சீக்கிரம் ஏறியது.

ஃபேன் வேகம் கூடினால் சூடு கூடுகிறது. அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஊதுபத்தி

காலையில் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும்போதுதான் தவில்காரர் ஞாபகம் வந்தது. அவர் நடந்தது வண்டிக்கு முன்னால். ரேடியேட்டர் காற்று போக வேண்டியது பின்னால், எஞ்சின் பக்கம். முன்னால் நடப்பவர் முதுகு ஏன் சுட வேண்டும்?

பத்தியை எடுத்துக்கொண்டு போய் கிரில்லுக்கு நாலு விரல் முன்னால் பிடித்தேன். எஞ்சின் மட்டும் ஓடும்போது புகை வளைந்து உள்ளே போனது. மெதுவாக, ஆனால் உள்ளே. ஃபேன் சுவிட்சைப் போட்டதும் புகை தடுமாறி, என் முகத்தில் அடித்தது.

ஃபேனின் வளையத்தில் சுற்றும் திசைக்கு ஒரு அம்புக்குறி அச்சாகியிருந்தது. தூசியைத் துடைத்தால்தான் தெரியும். இறக்கைகள் அந்த அம்புக்கு எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஃபேன் காற்றைப் பின்னால் இழுக்க, எலெக்ட்ரிக் ஃபேன் முன்னால் இழுக்க, நடுவில் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் எதிர்காற்று இரண்டையும் மீறி உள்ளே வந்துவிடுவதால் அங்கே இந்தச் சண்டை வெளியே தெரியவில்லை. ஊர்வலத்தில் மட்டும் காற்று யார் பக்கமும் போகாமல் நின்றது.

காரணம் பேட்டரியில் இருந்தது. இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். அந்தக் காலத்து ஆங்கிலேய வயரிங் வழக்கப்படி பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்திருக்கும், சுவிட்சுகள் வழியாக வருவது நெகட்டிவ். ஃபேன் மாட்டியவர் பழக்க தோஷத்தில் மோட்டாரின் நெகட்டிவான கருப்பு வயரை பாடிக்கும், பாசிட்டிவான நீல வயரை சுவிட்சுக்கும் கொடுத்திருக்கிறார். நிலைக்காந்தம் வைத்த டிசி மோட்டாருக்கு முனை மாறினால் திசை மாறும். பழைய வைப்பர் மோட்டாரும் ஸ்டார்ட்டரும் அப்படியில்லை. அவற்றில் காந்தமும் சுருள்தான், இரண்டு பக்கமும் ஒன்றாக மாறுவதால் திசை அப்படியே இருக்கும். அதனால்தான் இந்த வண்டியில் வேறு எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

வயரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த நானும் அதே வரிசையில்தானே செருகினேன். அவரைத் திட்ட எனக்கு உரிமை இல்லை.

ரேடியேட்டரும் நல்ல பிள்ளை இல்லை

முனையை மாற்றிப் போட்டதும் புகை ஒழுங்காக உள்ளே போனது. ஆனாலும் நாற்பது நிமிட ஐடிலிங்கில் சூடு 100-ஐத் தாண்டியது. அளக்கும்போது ஒரு சின்ன விஷயம். லேசர் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மூடியில் ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால்தான் நம்பலாம்.

கோர் முழுவதும் கட்டம் கட்டமாக அளந்தேன். மேல் தொட்டிக்குக் கீழே 96, 97. நடுவில் கையகலத்துக்கு ஒரு இடம் 60-கூட இல்லை. சூடான ரேடியேட்டரில் குளிர்ந்த இடம் என்றால் அங்கே தண்ணீர் போகவில்லை. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பு அடைத்திருக்கிறது. பக்கத்திலேயே தாமிரபரணி ஓடுகிற ஊரில், ரேடியேட்டருக்கு மட்டும் பட்டறை போர் தண்ணீர்! ரேடியேட்டர் பட்டறையில் மேல் கீழ் தொட்டிகளின் பற்றவைப்பை உருக்கி எடுத்து, குழாய்க்குக் குழாய் ராடு விட்டுக் குத்தினார்கள். பொரிந்து விழுந்தது தேங்காய்ச் சிரட்டையில் ஒரு கைப்பிடி. டேக் அரைத்த இடத்தையும் அப்போதே பற்றவைத்துக் கொடுத்தார்கள்.

தெர்மோஸ்டாட்டையும் யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். சூடாகும் வண்டியில் முதலில் பிடுங்கப்படுவது அதுதான். முழுதாகத் திறந்த தெர்மோஸ்டாட்டுக்கும் இல்லாத தெர்மோஸ்டாட்டுக்கும் கொதிக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் எஞ்சின் சூடேறத்தான் நேரமாகும், சோக்கில் பெட்ரோல் போகும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் புதிதாகப் போட்டோம். ரேடியேட்டர் கேப்பின் ரப்பர் இறுகிப் போயிருந்தது, 7 பவுண்டு கேப் ஒன்று மாற்றினோம். அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 10 டிகிரியாவது மேலே போகும். இக்னிஷன் டைமிங் கொஞ்சம் தாமதமாக இருந்தது, சரிசெய்தோம்.

கரண்ட் கணக்கு

இனி பேட்டரி. ஊர்வலத்தில் இந்த வண்டி தின்னும் கரண்டைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோதுதான் அண்ணாச்சிக்குப் புரிந்தது. ஹெட்லைட் இரண்டும் டிம்மில் 7 ஆம்ப்ஸ் சுமார். பார்க்கிங், பின் விளக்கு, நம்பர் பிளேட் எல்லாம் சேர்ந்து 2. இக்னிஷன் காயில் 3. ஃபேன் முழு வோல்ட்டில் 8. பூ அலங்காரத்தோடு வரும் சீரியல் பல்புக்கு 2 வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 22 ஆம்ப்ஸ்.

வண்டியில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சமாகக் கொடுப்பதும் 22 ஆம்ப்ஸ்தான். அடடே, சரியாக இருக்கிறதே என்று தோன்றும். அது நல்ல வேகத்தில் ஓடும்போது. டைனமோவின் சுற்று ஆயிரத்துக்கு நன்றாக மேலே போன பிறகுதான், அதைப் பேட்டரியோடு சேர்க்கும் கட்-அவுட் மூடி சார்ஜே ஆரம்பிக்கும். 600 சுற்று ஐடிலிங்கில் டைனமோ ஆயிரத்தைத் தொட்டால் பெரிது. அதாவது ஊர்வலம் முழுக்க டைனமோவிலிருந்து வருவது சைபர், 22 ஆம்ப்ஸும் பேட்டரியிலிருந்து. வயதான பேட்டரியில் உண்மையாக 20 ஆம்ப்ஸ்-அவர் தேறினால் அதிகம். முக்கால் மணி நேரத்தில் எஞ்சின் நின்றதும், ஸ்டார்ட்டர் 'டிக்' என்றதும் இதனால்தான். வறண்ட கிணற்றில் மோட்டார் இறக்கின கதை.

இங்கே இரண்டு வழி இருந்தது. ஃபேனைத் தூக்கி எறிந்துவிட்டு, எஞ்சின் ஃபேனுக்கு ஆறு இறக்கை போட்டு, ரேடியேட்டரைச் சுற்றி ஒரு தகரக் கூடு கட்டுவது ஒன்று. மோசமான யோசனை இல்லை. கூடு இல்லாத ஃபேன் கோரின் நடுவில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா இருக்கும். ஆனால் 600 சுற்றில் ஆறு இறக்கையானாலும் அது சோம்பல்தான். அதனால் இரண்டாவது வழி, டைனமோவை எடுத்துவிட்டு, மெதுவான சுற்றிலும் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர்.

ஆல்டர்னேட்டர் என்றால் நெகட்டிவ் எர்த்துக்கு மாற வேண்டும். மாறாமல் போட்டால் முனை சேர்த்த நொடியில் டயோடு போய்விடும். பேட்டரியைத் திருப்பி வைத்தோம். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறிய முனைகளை மாற்றினோம், இல்லாவிட்டால் பிளக்கில் தீப்பொறி வலு குறையும். ஆம்மீட்டரின் இரண்டு வயரை இடம் மாற்றினோம், இல்லாவிட்டால் சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் காட்டும். டைனமோவின் ரெகுலேட்டர் பெட்டியைக் கழற்றாமல், பார்வைக்கு இருக்கட்டும் என்று உள்ளே வயரை மட்டும் இணைத்து அப்படியே விட்டேன். பழைய வண்டியின் முகம் கெடக்கூடாது என்பதில் அண்ணாச்சி கறார். கழற்றிய பழைய டைனமோவையும் சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டேன், யாராவது ஒரிஜினல் கேட்டால் திரும்ப மாட்டலாம்.

நெகட்டிவ் எர்த்துக்கு மாறியதும் ஒரு தமாஷ். பங்குனியில் அந்த எலெக்ட்ரீஷியன் போட்ட வயர் வரிசையே இப்போது சரியான வரிசையாகிவிட்டது. நான் மாற்றிய முனைகளைத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது.

36 ஆம்ப்ஸ் ஆல்டர்னேட்டர், சின்ன புல்லியோடு. ஐடிலிங்கை 600-லிருந்து 800-க்கு ஏற்றினோம். ஆல்டர்னேட்டரும் ஐடிலிங்கில் தன் முழுக் கணக்கைத் தராது, ஆனால் பாதியாவது தரும். ஹெட்லைட், ஃபேன் இரண்டும் ஓட, பேட்டரி முனையில் 12.9 வோல்ட் நின்றது. இறங்கவில்லை என்பதுதான் வேண்டியது.

மாட்டிய விதம்

எஞ்சின் ஃபேனைக் கழற்றவில்லை. இதைப் பற்றிப் பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். கழற்றினால் பிக்கப் கூடும், மைலேஜ் கூடும் என்பார்கள். ஃபேன் தின்னும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும், எனவே நெடுஞ்சாலையில் கொஞ்சம் மிச்சமாவது நிஜம். ஆனால் அதைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேனை மட்டும் நம்புவதென்றால், ரேடியேட்டருக்குப் பின்னால் பெரிய ஃபேன், முழுக் கோரையும் மூடும் கூடு, அதற்கேற்ற கரண்ட் எல்லாம் வேண்டும். 12 அங்குல முன் ஃபேன் அதற்குப் பற்றாது. இந்த வண்டிக்கு வேண்டியது ஒரு மணி நேர ஊர்வலத்தில் ஒரு கைத்தாங்கல். ஆரல்வாய்மொழி தாண்டி நடுரோட்டில் ஒரு ரிலே போனால் அண்ணாச்சி வீடு திரும்ப பெல்ட் ஃபேன் இருக்கட்டும்.

டேக்குகளை வெட்டிவிட்டு, ரேடியேட்டர் சட்டத்திலிருந்து மேலும் கீழும் இரண்டு இரும்புப் பட்டை கொடுத்து, ரப்பர் வாஷரோடு ஃபேனை நிறுத்தினோம். கோரில் படாமல் ஒரு விரல் இடைவெளி. பேட்டரிக்குப் பக்கத்தில் ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 20 ஆம்ப்ஸ் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 87-லிருந்து ஃபேனுக்கு அதே வயர். 8 ஆம்ப்ஸ் ஃபேனுக்கு 20 ஆம்ப்ஸ் ஃபியூஸ் ஏன் என்றால், நின்ற மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். 86 இக்னிஷனுக்கு. 85, சூட்டைப் பார்த்துத் தானாகவே ஆன், ஆஃப் ஆகும் தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. பழைய டாகிள் சுவிட்சை வீணாக்காமல் தெர்மோ சுவிட்சுக்கு இணையாகக் கொடுத்தோம், வேண்டுமென்றால் கையாலும் போட்டுக்கொள்ளலாம். மோட்டார் முனையில் இப்போது பேட்டரியைவிடக் கால் வோல்ட்தான் குறைவு.

தெர்மோ சுவிட்ச் 92-ல் ஆன், 87-ல் ஆஃப். மேல் ஹோஸை நடுவில் வெட்டி அலுமினியக் குழாய்த்துண்டு வைத்து அதில் திருகினோம். எஞ்சினை விட்டோம். 90, 92, 95, 98. ஃபேன் அசையவில்லை. ரிலேயை மாற்றினேன், ஃபியூஸைப் பார்த்தேன், புது சுவிட்சைச் சந்தேகப்பட்டேன். என் பையன்தான் கேட்டான், "அப்பா, இதுக்கு எர்த் எங்க?" ஒற்றை முனை சுவிட்ச் தன் உடம்பு வழியாக எர்த் எடுக்க வேண்டும். உடம்போ அலுமினியத் துண்டில், அலுமினியத் துண்டு இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸில். அந்தரத்தில் தொங்குகிறது. அலுமினியத் துண்டிலேயே ஒரு லக் வைத்து எஞ்சினுக்கு வயர் இழுத்ததும் ஃபேன் 'விர்' என்று கிளம்பியது.

சோதனை

அதற்குள் ஆடி வந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் வண்டிக்கும் வேலை இல்லை, எனக்கும் அவசரம் இல்லை. ஆனால் திருநெல்வேலி ஆடிக்காற்றில் எந்த வண்டியும் சூடாகாது, வெளியில் வைத்துச் சோதித்து என்ன பிரயோஜனம்? ஷெட்டுக்குள், மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கி, ஹெட்லைட் போட்டு ஒரு மணி நேரம் விட்டோம். புகைக்குழாயில் ஹோஸ் மாட்டி வெளியே விட்டிருந்தோம், அதை மறந்தால் உயிருக்கே ஆபத்து. ஃபேன் பதினோரு தடவை போட்டு அணைந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. சூடு 94-ஐத் தாண்டவில்லை. அணைத்த எஞ்சின் அரைச் சுற்றில் திரும்பக் கிளம்பியது.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. முன்னால் ஃபேன் நிற்பதால் நெடுஞ்சாலையில் எதிர்காற்றில் கொஞ்சம் தடைபடுகிறது. 80-ல் முன்பு 83 காட்டிய இடத்தில் இப்போது 86. அண்ணாச்சி 80-க்கு மேல் ஓட்டுபவர் இல்லை என்பதால் விட்டுவிட்டோம்.

ஆவணி முதல் முகூர்த்தம் அதே வீதி, அதே மண்டபம். எனக்கும் அழைப்பு இருந்தது, வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தேன். ஃபேன் நாலு தடவை போட்டது. அதே தவில்காரர்தான் வந்திருந்தார். முதலில் பத்தடி தள்ளி நடந்தார், ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தார். மல்லாரி முடிந்து கீர்த்தனைக்கு வந்தபோது பம்பரை உரசுகிற மாதிரி வந்துவிட்டார்.